பிறர் இன்னலும் பிழைப்பும்

உடம்பொடு கூடி வாழும் உயிர்க்கு உணவு இன்றியமையாதது. உணவுக்குப் பொருளும், பொருளுக்குத் தொழிலும் இன்றியமையாதன. ஆகலின் தொழில் செய்து பிழைத்தல் இல்வாழ்வானுக்கு இழுக்காகாது. செய்யாது சோம்பியிருத்தலே இழுக்காம். ஆயினும், பொருள் தருவன எல்லாம் தக்க தொழில்களே என்று கொள்ளுதல் அமையுமோ? பிறர்க்கு வந்த இன்னலே தனக்கு வருவாயாகும் தொழில் ஒன்று வந்து வாய்க்குமாயின், அறத்தை அஞ்சும் ஒருவன் அதனை ஏற்றல் தகுமோ, தகாதோ? இவ்வினா பழையது, ஆயினும் நாள்தோறும் புதிதாக எழுவது.

உக்கடத்தில் வாழும் இளைஞன் ஒருவனைக் கருதுக. நொய்யல் நீரால் நிறையும் பெரியகுளத்தை அடுத்து அவன் வீடு. தந்தை சந்தையில் மூட்டை சுமப்பவர். இளைஞன் கல்லூரிக் கல்வி முடித்து இரண்டாண்டு வேலையின்றி இருந்தான். இப்பொழுது நகையின் பேரிற் கடன் கொடுக்கும் நிலையம் ஒன்றில் அவனுக்கு வேலை கிடைக்கிறது. மாதச் சம்பளம் குறைவு. ஆனால், தவணை தவறியவரிடம் வசூலிக்கும் தொகைக்கும், மீட்கப்படாமல் ஏலத்திற்குப் போகும் நகைக்கும் ஏற்ப ஊக்கத்தொகை உண்டு. அவன் பள்ளியிற் பயின்ற காலத்தில் தந்தையின் கால் முறிந்தது, மருத்துவச் செலவுக்காகத் தாய் தன் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தாள், அது திரும்பவில்லை. அந்தத் தாயே இன்று, "யாரையும் ஏமாத்தப் போறதில்லையே, போய்ச் சேர்ந்துக்கோ கண்ணு" என்கிறாள். தங்கையின் கல்லூரிக் கட்டணத்திற்கு நாள் குறித்தாயிற்று. தந்தை வாய் திறவாதிருக்கிறார். இளைஞனுக்கோ உறக்கம் இல்லை. இவன் ஒருவன் அல்லன். இந்நிலையில் நிற்போர் கொங்கு நாட்டில் ஊர்தோறும் உளர்.

முதற்கண் ஆராயத்தக்கது, பிறர் துன்பத்தை அடுத்து நிற்கும் தொழில் யாவும் பழியுடையனவோ என்பது. அங்ஙனம் கொள்ளுதல் பொருந்தாது. நோயில்லையேல் மருத்துவனுக்கு வருவாயில்லை. வழக்கில்லையேல் வழக்கறிஞனுக்குப் பிழைப்பில்லை. சாவில்லையேல் இடுகாட்டிற் குழி தோண்டுவானுக்குக் கூலியில்லை. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிற் கோயமுத்தூரைப் பிளேக் நோய் மீண்டும் மீண்டும் வருத்தியது. இன்றும் அந்நகரிற் பிளேக் மாரியம்மன் என்னும் பெயரோடு விளங்கும் கோயில்கள் அக்காலத்து அச்சத்திற்குச் சான்றாக உள்ளன. நோய் கண்ட வீட்டை உறவினரும் அஞ்சி அகன்ற நாளில், அவ்வீட்டினுட் புகுந்து துப்புரவு செய்தவரும், பிணத்தைச் சுமந்தவரும் கூலி பெற்றே அவற்றைச் செய்தனர். அக்கூலியைப் பிறர் துன்பத்தில் விளைந்தது என்று இகழ்வார் யார்? எனவே, துன்பத்தின் அருகே நிற்றல் குற்றம் அன்று. அங்கே நின்று கூலி பெறுதலும் குற்றம் அன்று.

ஆயின் குற்றம் எங்கே தொடங்குகிறது எனின், விருப்பத்திலே தொடங்குகிறது என்க. ஒரு தொழில் துன்பம் தீர்வதால் வாழ்கிறதா, நீள்வதால் வாழ்கிறதா என்று நோக்குக. மருத்துவன் நோயாளி எழுந்து நடந்த அன்று புகழும் பொருளும் பெறுகிறான். நோயை நீட்டிப்பவன் மருத்துவன் என்னும் பெயருக்கே உரியன் அல்லன். தொழிலின் ஊதியமும் துன்புற்றானின் நன்மையும் ஒரு திசையிற் செல்லுமாயின் அத்தொழில் அறத்தின்பாற்படும். எதிரெதிர்த் திசையிற் செல்லுமாயின், செய்வான் எத்துணை நல்லவனாயினும், அவன் உள்ளம் நாளடைவில் ஊதியத்தின் பக்கமே சாயும்.

வழிபாட்டின் முடிவில் உலகெல்லாம் வாழ்க என்று வாழ்த்துதல் சைவ மரபு. காலையில் அங்ஙனம் வாழ்த்தியவன், கடைக்குச் சென்று அமர்ந்ததும், இம்மாதம் எத்தனை நகை மீளாதிருக்கும் என்று எதிர்நோக்குவானாயின், அவன் வாழ்த்தும் பிழைப்பும் ஒன்றையொன்று பொய்யாக்குகின்றன. வாய் ஒன்றை வேண்ட, வயிறு மற்றொன்றை வேண்டுகிறது. இப்பிளவே அவ்விளைஞனின் உறக்கத்தைக் கெடுப்பது. அது மனத்தளர்ச்சி அன்று. மனம் இன்னும் விழித்திருப்பதற்கு அடையாளம்.

தாது ஆண்டுப் பஞ்சம் எனப்படும் 1876-78-ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்திற் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். கோயமுத்தூர் மாவட்டமும் அதிற் சிக்கித் துன்புற்றது. போத்தனூர் வழியே இருப்புப்பாதை 1862-ஆம் ஆண்டிலேயே ஓடத் தொடங்கியிருந்தது. தானியம் வர வழியிருந்தும் விலை எட்டாமையால் ஏழைகள் மடிந்தனர். அந்நாளில் தானியம் விற்றார் எல்லாரும் கொடியர் அல்லர். வணிகர் கொண்டுவராவிடின் ஊருக்கு உணவே இல்லை. ஆனால், இன்னும் விலை ஏறட்டும் என்று களஞ்சியத்தைப் பூட்டி வைத்தவனும், வந்த விலைக்குக் கொடுத்தவனும் ஒரு தொழிலினராயினும் ஒரு வினையினர் ஆகார். ஒருவன் மழையை எதிர்பார்த்தான். மற்றவன் மழை பெய்துவிடுமோ என்று அஞ்சினான்.

பஞ்சக் காலத்துச் சிறிய ஊதியமும் எத்துணைப் பெரிய துன்பமாகும் என்பதனைப் பெரியபுராணம் காட்டுகிறது. திருவீழிமிழலையில் அப்பரும் சம்பந்தரும் நாளும் இறைவன்பால் ஒவ்வொரு காசு பெற்று அடியார்க்கு அமுது அளித்தனர். சம்பந்தர் பெற்ற காசுக்கு வணிகர் வாசி கேட்டனர். அதனால் அவர் திருமடத்தில் உணவு காலந் தாழ்த்தது. கடைத்தெருவில் அது சிறு கழிவு. பந்தியில் இருந்தோர்க்கு அது நீண்ட பசி. கணக்குப் பலகையின் முன் இருப்பவன் அப்பந்தியைக் காண்பதில்லை. காணாமையே அவனுக்கு மனவமைதியாகிறது.

இனி, இத்தகைய தொழிலுக்குச் சார்பாகக் கூறப்படும் நியாயங்களை ஒவ்வொன்றாக நோக்குதல் வேண்டும்.

அவரவர்க்கு வரும் இன்னல் அவரவர் முன்வினைப் பயனே. அதன் இடையில் நாம் பொருள் பெறுதலாற் பழியில்லை என்பாரும் உளர். இது சித்தாந்தத்தின் ஒரு பாதியைக் கொண்டு மறு பாதியை மறைத்தலாம். நுகரப்படும் வினை பிராரத்தம் என்பது உண்மையே. ஆயின் அந்நுகர்ச்சியினிடையே ஒருவன் செய்வது அவனுக்கு ஆகாமியமாய் ஏறும் என்பதும் அதே சாத்திரத்தின் துணிபு. நோயும் வினைப்பயனே என்று மருத்துவன் கைகட்டி நிற்பதில்லை. சிவஞான சித்தியார் நல்வினை தீவினைகளை இதம், அகிதம் எனப் பகுத்து, உயிர்கட்கு நலஞ் செய்தலை இதமென்றும், அந்நலஞ் செய்யாதொழிதலையே அகிதமென்றும் கொள்கிறது. நன்மை செய்யாமையே தீவினையாயின், துன்பத்தை நீட்டித்து அதிற் பயன்கொள்ளுதல் யாதாகும்? வினைக் கொள்கை துன்புற்றவன் தன்னைத் தேற்றிக்கொள்ளுதற்கு உரிய மருந்து. துன்புறுத்துவான் தன்னை மறைத்துக்கொள்ளுதற்கு உரிய போர்வை அன்று.

நான் செய்யாவிடின் வேறொருவன் செய்வான் என்பது இரண்டாவது நியாயம். அது மெய்யாகலாம். ஆயினும் செய்யும் வினை செய்தவனையே சாரும். அவ்விருக்கையில் வேறொருவன் அமர்வான் என்பதனால், அதில் அமர்ந்தவனின் கணக்கு அழியாது.

ஈட்டும் பொருளால் தருமம் செய்வேன் என்பது மூன்றாவது. இதற்கு மூர்க்க நாயனாரை எடுத்துக்காட்டாகக் கூறுதல் உண்டு. திருவேற்காட்டினராகிய அவர் அடியார்க்கு அமுதளித்துத் தம் பொருளெல்லாம் தீர்ந்தபின், சூதாடி வென்ற பொருளால் அத்தொண்டினைத் தொடர்ந்தார். தோற்றவனின் இழப்பே அவர்க்கு வந்த பொருள் என்பது உண்மை. ஆனால் அவ்வரலாற்றை முழுதும் கருத வேண்டும். வென்ற பொருளை அவர் தமக்கெனத் தீண்டவில்லை; அடியார் உண்டபின் கடைப்பந்தியிலே தாமும் உண்டார். அப்பொருளின் மாசினை அவர் அறிந்திருந்தார் என்பதற்கு அத்தீண்டாமையே சான்று. ஏலத்தின் ஊதியத்தில் வீடு கட்டி, எஞ்சியதில் அன்னதானம் செய்வான் அவரைத் துணைக்கழைத்தல் தகாது. ஒப்பற்ற அன்பின் வரலாறு பிழைப்புக்கு விதியாகாது.

நான்காவது நியாயம் வறுமை. இதனை எளிதாகத் தள்ளுதல் இயலாது. பசித்தவனுக்கு அறம் உரைப்பவன் தன் வயிறு நிறைந்திருத்தலை மறத்தலாகாது. மேலும், அடகுப் பலகையின் முன் நிற்கும் இளைஞனை மட்டும் பழித்து, அந்நிலையத்தில் முதலிட்டு மிகுந்த வட்டியை விரும்புவோரை மதித்தல் நடுவுநிலைமை ஆகாது. திருக்குறளில் நடுவுநிலைமை என்னும் அதிகாரம் வணிகர்க்குரிய அறத்தோடு முடிவது கருதத்தக்கது. வீட்டிலிருந்தபடியே வட்டி பெறும் நற்குடியினர், அது யாருடைய கழுத்திலிருந்து இறங்கிய பொன் என்று ஒரு நாளேனும் வினவியிருப்பரோ? வினை வேலையாளிடம் மட்டும் நிற்பதில்லை. ஏவியவனிடமும், பயன் கொண்டவனிடமும் பங்கிட்டு நிற்கும்.

இனி, கடன் கொடுத்தல் என்னும் தொழிலின் இயல்பை நோக்குவோர்க்கு ஒன்று தெளிவாகும். ஆனி மாதத்திற் பள்ளிக் கட்டணத்திற்கும், நள்ளிரவில் மருத்துவமனைக்கும், தறிக்கு நூல் வாங்குதற்கும் உடனே பணம் வேண்டுவோர்க்கு அடகுக் கடை ஒரு துணையே. கொடுத்தவன் நியாயமான வட்டி பெறுதலும் முறையே. முறை தவறும் இடத்தையே சட்டங்கள் காலந்தோறும் குறித்து வந்துள்ளன. 1938-ஆம் ஆண்டுச் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், முதலுக்கு இருமடங்கு செலுத்திவிட்ட உழவனின் பழங்கடனைத் தீர்ந்ததாகவே கொண்டது. 1943-ஆம் ஆண்டு அடகு பிடிப்போர் சட்டம், நகையை மீட்க ஓராண்டும் அதன்மேல் ஏழு நாளும் தவணை தந்தது. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, மணிநேர வட்டி முதலியவற்றைத் தடை செய்தது. அச்சட்டம் இருந்தும், 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தின் முன் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பத்தார், குழந்தைகள் உட்பட, தீக்குளித்து மாண்டனர். 2022-ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கி, காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடன் வசூலிப்போர் கடனாளியை அழைத்தலாகாது என்று விதித்தது. 2025-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் வன்முறையாற் கடன் வசூலித்தலைத் தடுக்கத் தனிச் சட்டம் இயற்றியது. சட்டம் கையைக் கட்டும். விருப்பத்தைக் கட்டுதல் அதனால் ஆகாது. அஃது அவரவர் கடமை.

ஆதலின் அவ்விளைஞனுக்குச் சொல்லத்தக்கது ஒன்று உண்டு. பொன்னை உள்ளவாறு மதிப்பிட்டு, வட்டியையும் தவணையையும் மறையாது கூறிக் கடன் கொடுக்கும் வேலையில் அவன் அமரலாம், அதனாற் பழியில்லை. ஆயின் ஏலத்திற் பங்காக வரும் ஊக்கத்தொகை தனக்கு வேண்டாம் என்று அவன் முன்னரே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். அப்பங்கை நீக்கிவிடின், நகை மீளுதலையும் அவன் விரும்ப இயலும். தவணை முடியும் நாளை முன்னதாக நேரிற் சென்று அறிவிப்பான். எழுத்தறியாதவர்க்குச் சீட்டைப் படித்துக் காட்டுவான். குறைந்த வட்டிக்குக் கூட்டுறவு வங்கியிற் கடன் கிடைக்குமாயின் அதனையும் மறையான். கடனாளியின் வாயிலில் நின்று அயலார் கேட்கக் கூவச் சொன்னால், அவ்வேலையை விடுவான். பங்கு வாங்கியே தீரவேண்டும், இன்றேல் வேலையில்லை என்பாராயின், அஃது அவனுக்குரிய இடம் அன்று. வேறு கூலி கிடைக்கும் வரை வறுமை அவனை அங்கே நிறுத்துமாயின், நின்றாலும், அதனைச் சரியென்று தன் நெஞ்சுக்குச் சொல்லாதிருத்தல் வேண்டும். குற்றத்தைக் குற்றமென்று அறிந்து நிற்பவன் என்றேனும் வெளியேறுவான். நியாயமென்று தேறியவன் அங்கேயே முதிர்வான்.

உக்கடத்திலிருந்து மேற்கே செல்லும் சாலை பேரூரை அடைகிறது. ஆங்கே பட்டீசுவரர் உமையம்மையோடு உழவராய் வயலில் இறங்கி நாற்று நட்டார் என்பதும், தேடிவந்த சுந்தரர் அக்கோலத்திற் கண்டார் என்பதும் தலபுராணம் கூறும் வரலாறு. ஆனித் திங்களில் அத்தலத்தில் நிகழும் நாற்று நடவு விழா அதனை ஆண்டுதோறும் நினைப்பூட்டுகிறது. சேறு படிந்த காலோடும், மடியில் முடிந்த சிறு பொன்னோடும் அடகுப் பலகையின் முன் வந்து நிற்பவரை நோக்கும்பொழுது, அவ்விளைஞன் அவ்வயலை நினைப்பானாக. தன் தாயும் ஒருநாள் அவ்வாறு வந்து நின்றவளே என்பதனையும் மறவாதிருப்பானாக. அந்நினைவு உள்ளவரை அவன் கை தவறு செய்ய அஞ்சும். அவ்வச்சமே அவனுக்கு அரணாகும்.