தீயணைப்போரின் கூலி

1974 அக்டோபர் 31 அன்று, கனடாவின் மான்ட்ரியல் நகரத் தீயணைப்பு வீரர்கள் பணியை நிறுத்தினர். நவம்பர் 3 வரை திரும்பவில்லை. ஏறிய விலைவாசிக்கு ஈடான ஊதியமே அவர்கள் நகராட்சியிடம் கேட்டது. சட்டமோ அவர்களுக்கு வேலைநிறுத்த உரிமை தரவில்லை. அந்நாட்களில் பெரிதும் எரிந்தவை, சென்டர்-சூட் பகுதியில் உழைப்பாளர் குடியிருந்த வீடுகள்.

உயிர் காப்பவர் கூலிக்காகக் கைகட்டி நிற்கலாமா? ஆகாது என்றே நாம் கருதுகிறோம். ஆயினும் அத்துடன் வழக்கு முடிந்துவிடாது. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், உழைப்பைப் பற்றிய தம் 1981-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில், வேலைநிறுத்த உரிமையை ஏற்கிறார். இன்றியமையாப் பணிகள் தடைபடலாகாது என்றும் வற்புறுத்துகிறார். (நம்மில் பலர் நமக்கு இசைவான பாதியை மட்டும் படிக்கிறோம்!) வேலைநிறுத்தத்தைத் தடைசெய்யும் அரசு, அவர்களது முறையீட்டைக் காலந்தாழ்த்தாமல் கேட்கவும் கடமைப்பட்டதன்றோ? "நீங்கள் வீரர்கள்" என்னும் புகழுரை வீட்டு வாடகைக்கு ஆகாது. வீடிழந்த மக்களோ அப்பேச்சுவார்த்தையில் எத்தரப்பினரும் அல்லர்.