பசி தீர்ப்பது எப்போது கருணை ஆகும்?

தாயை இழந்த செம்மறிக் குட்டியைப் புட்டிப்பாலில் வளர்ப்பவர் வேளைதோறும் ஓர் அறக்கேள்விக்கு விடை காண வேண்டியிருக்கிறது. குட்டி கத்துகிறது, கையில் பால் இருக்கிறது, கொடுக்கலாமா? 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவிய இராமலிங்க அடிகள், உயிர்களுக்கு நேரும் துன்பங்களைப் பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை என்று வகுத்தார். பசியையும் கொலையையும் நீக்குவதை இவற்றுள் முதன்மையாக வைத்தார். பிணி நீக்குவது அதற்கு அடுத்த படி. பட்டினி கிடக்கும் மனிதர் முன் இந்த வரிசையை யாரும் மறுக்க முடியாது. புட்டிக் குட்டியின் வயிற்றிலோ பசியும் பிணியும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. கேட்கும்போதெல்லாம் பசியைத் தீர்த்தால் பிணி வருகிறது. அது சில மணி நேரத்தில் உயிரைக் கொண்டுபோய்விடவும் கூடும்.

காரணம் குட்டியின் வயிற்றமைப்பில் இருக்கிறது. ஆட்டின் இரைப்பை நான்கு அறைகள் கொண்டது. பிறந்த குட்டியில் நான்காவதே பெரியது. அசைபோடுவதற்கான முதல் அறை சிறுத்து, வேலை தொடங்காமல் கிடக்கும். குட்டி கழுத்தை நீட்டி உறிஞ்சும்போது உணவுக்குழாயை ஒட்டிய பள்ளம் ஒன்று மூடிக் குழாயாகி, பாலை நேரே நான்காம் அறைக்குக் கொண்டுசேர்க்கிறது. அங்கே பால் உறைந்து மெல்லச் செரிக்கிறது. உறிஞ்சாத குட்டியின் வாயில் பாலை ஊற்றினால் அது வழிதவறி முதல் அறையில் தேங்கிப் புளிக்கும், மூச்சுக்குழாயிலும் இறங்கலாம். தாயிடம் இருக்கும் குட்டி நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிறது. வளர்ப்பவரோ தம் வேலைக்கிடையே இரண்டு மூன்று வேளையில் வயிறு முட்டப் புகட்டிவிடுகிறார். இப்படி வளரும் இரண்டு மூன்று வாரக் குட்டிகளில்தான் நான்காம் அறை வாயுவால் திடீரென உப்பிச் சாவு நேர்கிறது. துள்ளுமாரி நோயும் நன்றாகக் குடித்துக் கொழுத்த குட்டிகளையே பெரும்பாலும் தாக்குகிறது. ஆகவே ஒரு நாளுக்கான பால் உடல் எடையில் 15 முதல் 20 விழுக்காடு. முதல் வாரத்தில் அதை நான்கு முதல் ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். குட்டியின் உடல் வெப்பம் 37 பாகைக்குக் கீழே இறங்கியிருந்தால் குடல் இயங்காது. அந்நிலையில் புகட்டும் பால் உதவாமல் கெடுக்கிறது. முதலில் உடலைச் சூடேற்ற வேண்டும்.

தாமதமே கொடுமையாகும் வேளையும் ஒன்று உண்டு. ஆட்டுக்குட்டி கருவில் இருக்கும்போது தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் அதை எட்டுவதில்லை. சீம்பால் வழியாக மட்டுமே அவை கிடைக்கின்றன. குடல் அவற்றை முழுதாக ஏற்பதும் பிறந்த முதல் நாளில்தான். முதல் சில மணி நேரத்துக்குள் கிலோ எடைக்கு 50 மில்லிலிட்டர் சீம்பாலாவது வயிற்றுக்குள் போக வேண்டும். அந்த நேரத்தில் அடிகள் சொன்ன அவசரமே சரியான அளவு.

கொடுக்க வேண்டிய வேளையையும் நிறுத்த வேண்டிய வேளையையும் பிரித்தறிவது எப்படி? வாய் பேசாத உயிரின் உள்நிலையை அடையாளங்களிலிருந்து ஊகிக்கத்தான் முடியும். ஊகத்தின் இலக்கணத்தைத் தமிழில் விரித்துப் பேசும் பழைய நூல் மணிமேகலை. அதன் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் நல்ல ஏதுவையும், அதாவது காரணத்தையும், போலி ஏதுவையும் பகுத்துக் காட்டுகிறார். போலிகளில் ஒன்று அநைகாந்திகம். நிறுவ வேண்டிய பொருளோடும் அதற்கு மாறானதோடும் ஒருசேரக் காணப்படுவதால் எதையும் முடிவு செய்ய உதவாத ஏது அது. குட்டியின் கத்தல் இந்த வகையைச் சேர்ந்தது. பசித்தாலும் குளிர்ந்தாலும் தனிமையிலும் வயிற்றுவலியிலும் குட்டி கத்தும். வயிறு நிறைந்த பிறகும் உறிஞ்சும் வேட்கையில் விரலைத் தேடி வரும். மிகவும் நோயுற்ற குட்டியோ கத்துவதையே நிறுத்திவிடும். அதனால் கத்தலை மட்டும் நம்பியவர் சாகும் குட்டியை அமைதியாகத் தூங்குகிறது என்று நினைக்கக்கூடும்.

உறுதியான அடையாளங்கள் வேறிடத்தில் இருக்கின்றன. முதல் சாணம் கறுத்துப் பிசுபிசுக்கும். பால் குடித்த பின் கடுகு மஞ்சள் நிறத்தில் களிம்பாகும். புல் கடிக்கத் தொடங்கியதும் மெல்ல மெல்லப் புழுக்கையாகும். தண்ணீராகப் போவது, நாற்றம் மாறுவது, இரத்தம் கலந்திருப்பது எல்லாம் எச்சரிக்கை. தாய் நக்கித் துடைக்கும் இடத்தை அனாதைக் குட்டிக்கு வெந்நீர்த் துணியால் மனிதர் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் காய்ந்த சாணம் ஆசனவாயை அடைத்துவிடும். பால் குடித்தபின் விலாப்பக்கம் நிரம்பியிருக்கலாம், விறைத்துப் புடைத்திருக்கக் கூடாது. வாய்க்குள் விரலை விட்டால் சூடும் உறிஞ்சும் வலிமையும் தெரிய வேண்டும். முதல் மூன்று நாளுக்குள் வாய் குளிர்ந்து எச்சில் ஒழுகினால் குடல் கிருமிகளின் நஞ்சு ஏறியிருக்கக்கூடும். கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் அது உடனே படிய வேண்டும். மெதுவாகப் படிந்தால் நீரிழப்பு. நலமான குட்டி தூங்கி எழுந்ததும் சோம்பல் முறிக்கும். நலமில்லாதது முதுகைக் கூனிக்கொண்டு ஒதுங்கி நிற்கும்.

ஒரே கழிச்சலுக்கு வயதைப் பொறுத்துப் பொருள் மாறுவதையும் கவனிக்க வேண்டும். பிறந்த சில நாளில் ஈ.கோலை, இரண்டாம் வாரத்தையொட்டிக் கிரிப்டோஸ்போரிடியம், நான்கு முதல் எட்டு வாரத்தில் காக்சிடியா எனக் காரணங்கள் வேறுபடும். எந்த வயதிலும் அளவு மீறிய பாலும் காரணமாகலாம். கழிச்சல் கண்டதும் கையில் கிடைக்கும் ஆன்டிபயாடிக்கைப் புகட்டுவது ஊகமே ஆகாது. இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் கரைசலைப் பால் வேளைகளுக்கு இடையில் கொடுத்து, சாணத்தைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே முறை. கிரிப்டோஸ்போரிடியம் மனிதருக்கும் தொற்றும் என்பதால் கை கழுவுவதும் இந்தக் கண்காணிப்பில் அடங்கும்.

சமண ஆகமமான தசவைகாலிக சூத்திரம் அறிவை முன்னும் தயையைப் பின்னும் வைக்கிறது. உயிர் இன்னதென்று அறியாதவரால் அதற்குத் தீங்கு செய்யாதிருக்க இயலாது என்பது அதன் வாதம். புட்டிக் குட்டியின் வயிறு இந்த வரிசைக்கே சான்று கூறுகிறது. ஆனால் இராமலிங்க அடிகள் பேசிய ஆன்ம உருக்கம் இல்லையென்றால் நள்ளிரவில் எழுந்து சாணத்தின் நிறம் பார்க்க யாரும் போகமாட்டார்கள். உருக்கம் ஆளை எழுப்புகிறது. எழுந்தவர் என்ன செய்ய வேண்டும் என்பதை அதனால் சொல்ல முடியாது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வேய் 1942இல் எழுதிய ஒரு கட்டுரையில், துன்புறுபவரை நோக்கி அவர் படும் பாடு என்னவென்று கேட்கும் கவனத்தையே அன்பின் சாரமாகக் கண்டார். கேட்டால் பதில் சொல்லாத உயிரிடம் அந்தக் கவனம் ஒரு குறிப்பேட்டின் வடிவை எடுக்கிறது: புகட்டிய நேரம், மில்லிலிட்டர், சாணத்தின் தன்மை, உடல் வெப்பம், எடை. எடை ஏறாமல் நின்றுவிட்டால், மற்ற அடையாளங்கள் தெரியும் முன்பே அந்த ஏடு காட்டிக்கொடுக்கும்.

இன்னொரு கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. வளர்த்த குட்டிகளில், குறிப்பாகக் கிடாக்களில், பெரும்பாலானவை இறைச்சிக்கே போகின்றன. விவிலியத்தில் இறைவாக்கினர் நாத்தான் தாவீது அரசனிடம் சொல்லும் கதையில் ஏழையின் ஒரே குட்டி அவன் உணவையே உண்டு, அவன் மடியில் உறங்குகிறது. செல்வந்தன் ஒருவன் அதை எடுத்து விருந்தாக்கியதைக் கேட்டுத் தாவீது கொதிக்கிறான். பசி நீக்கத்தோடு கொலை நீக்கத்தையும் இணைத்த இராமலிங்க அடிகளின் வாதத்துக்கு, விற்பதற்காக வளர்ப்பவரிடம் முழுமையான பதில் இல்லை. அதற்காக இன்றைய வயிற்றுவலி சிறியதாகிவிடாது. பின்னாளில் இழைக்கப்போகும் தீங்கு, இன்று செய்ய வேண்டிய கவனிப்பைத் தள்ளுபடி செய்வதில்லை.

இரண்டு மூன்று வாரத்தில் குட்டி தழையைக் கடித்து அசைபோடப் பழகுகிறது. ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் அறை தன் வேலையை ஏற்கிறது. நாள்தோறும் அடர்தீவனமும் தழையும் போதிய அளவு தின்கிறது என்று உறுதியானபின் பாலை நிறுத்தலாம். நிறுத்திய முதல் சில நாள் குட்டி முன்னிலும் அதிகமாகக் கத்தும். புழுக்கை கெட்டியாக இருந்து எடையும் குறையாமல் இருந்தால் அந்தக் கத்தலுக்காகப் புட்டியை மீண்டும் எடுக்க வேண்டியதில்லை. குட்டியை மந்தையில் சேர்த்துவிடலாம்.