ஆட்டக்காரரை விற்கலாமா?



சனி, ஞாயிறு இரவுகளில் நம் வீட்டுப் பிள்ளைகள் தொலைக்காட்சியில் இங்கிலாந்து தேசத்துக் கால்பந்துக் கழகங்களின் ஆட்டத்தைக் கண்டு களிப்பதை நீங்கள் அறிவீர்கள். ஆட்டம் முடிந்தபின் அவர்களுக்குள் மூளும் வாக்குவாதங்களில் இதுவும் ஒன்று: கழகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரரைப் பெருந்தொகைக்கு விற்றுவிடுவது நியாயமா? வீண் பேச்சென்று இதைத் தள்ளிவிட வேண்டாம். மனிதருக்கு விலை உண்டா, அன்பு எவ்வளவு தூரம் உரிமை கேட்கலாம் என்ற பெரிய கேள்விகள் இதற்குள் அடங்கியிருக்கின்றன.

முதலாவது, "விற்பது" என்ற சொல்லையே ஆராய்வோம். ஆட்டை விற்கிறோம், மாட்டை விற்கிறோம். மனிதரை விற்க எவருக்கும் அதிகாரமில்லை. அப்படியானால் கழகம் எதை விற்கிறது? இத்தனை வருஷம் உங்களிடமே ஆடுவேன் என்று ஆட்டக்காரர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் மீதியுள்ள காலத்தை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக இன்னொரு கழகத்திடம் பணம் பெறுகிறது. அவ்வளவே.

இந்த வித்தியாசம் ஒரு காலத்தில் மறக்கப்பட்டிருந்தது. 1960-ல் நியூகாஸில் கழகத்தோடு ஒப்பந்தம் முடிந்த ஜார்ஜ் ஈஸ்தம் வேறு கழகத்துக்குப் போக விரும்பினார், கழகம் இணங்கவில்லை. ஒப்பந்தம் முடிந்த பின்னும் ஆட்டக்காரரைக் கட்டிவைக்க அன்றைய விதிகள் இடங்கொடுத்தன. அவர் ஆட மறுத்து நின்றார். பின்பு வழக்கும் தொடர்ந்தார். இவ்விதிகள் ஒருவருடைய தொழிலை நியாயமின்றித் தடுப்பவை என்று 1963-ல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் தீர்ப்பளித்தார். 1995-ல் பெல்ஜிய ஆட்டக்காரர் போஸ்மானின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. ஒப்பந்தம் முடிந்தவர் ஐரோப்பிய ஒன்றியத்தின் வேறொரு நாட்டுக் கழகத்தில் சேரும்போது பழைய கழகம் கிரயம் கேட்கலாகாது என்றது. ஆகவே ஒப்பந்தத்துக்கு விலை உண்டு, மனிதருக்கு இல்லை.

இரண்டாவது, அபிமானியின் உரிமை என்ன? தகப்பன் கைபிடித்து அழைத்துப் போன மைதானத்துக்கு அவன் தன் மகனை அழைத்துப் போகிறான். முதலாளிகள் மாறுகிறார்கள், பயிற்சியாளர்கள் மாறுகிறார்கள்; அவனோ மழையிலும் குளிரிலும் மாறாமல் நிற்கிறான். "என் கழகம்" என்று அவன் சொல்வது பொய்யல்ல. நிர்வாகம் தன்னிடம் உண்மை பேசவேண்டும் என்று கேட்க அவனுக்கு நியாயமுண்டு. ஆனால் தன் சந்தோஷத்துக்காக இன்னொருவர் தம் வாழ்நாளைக் கழிக்கவேண்டும் என்று கேட்க நியாயமில்லை. அன்பு துக்கப்பட உரிமை தருகிறது. உடைமையாக்கிக்கொள்ள உரிமை தருவதில்லை.

மூன்றாவது, ஒரு திருஷ்டாந்தம். லண்டன் நகரத்து டாட்டன்ஹாம் கழகத்தில் ஹாரி கேன் 11 வயதுச் சிறுவனாகச் சேர்ந்தார். அக்கழகத்தின் சரித்திரத்தில் எவரும் அடிக்காத அளவாக 280 கோல் அடித்தார். ஆயினும் ஒரு கோப்பையும் கைக்கு வரவில்லை. 2021-ல் மான்செஸ்டர் சிட்டி கழகம் அவரைக் கேட்டபோது ஒப்பந்தத்தில் மூன்று வருஷம் பாக்கியிருந்தது. டாட்டன்ஹாம் தர மறுத்தது. 2023-ல் அவருக்கு வயது 30, ஒப்பந்தத்தில் மீதி ஒரே வருஷம். அவ்வாண்டு ஆகஸ்டில் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் கழகத்துக்கு அவரைக் கொடுத்துவிட்டது.

துரோகம் என்றார்கள் சிலர். பிடித்து வைத்திருந்தால் மறு வருஷம் ஒரு காசும் தராமல் போயிருப்பார் என்றார்கள் வேறு சிலர். இத்தகைய வழக்கில் மூன்று கேள்விகளைக் கேட்கவேண்டும். ஆட்டக்காரரின் சொந்த மனம் என்ன? கழகத்தின் பொதுநன்மை எது? வரும் பணம் அணியைக் கட்டப் போகிறதா, முதலாளியின் பையை நிரப்பப் போகிறதா? மூன்றுக்கும் நேர்மையான பதில் இருந்தால், விற்பதில் குற்றமில்லை. ஒன்றுக்கேனும் பதில் கோணலாயிருந்தால், தொகை எத்தனை கோடியானாலும் அது நல்ல வியாபாரமாகாது.

பின்பு நடந்ததையும் கேளுங்கள். 2025 மே மாதத்தில் கேன் ஜெர்மானியச் சாம்பியன் பட்டம் பெற்றார். அதே மாதம் பில்பாவ் நகரில் டாட்டன்ஹாம், மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று வென்று யூரோப்பா லீக் கோப்பையை எடுத்தது. 2008-க்குப் பின் அதற்குக் கிடைத்த முதற்கோப்பை. அந்தக் கோலை அடித்த பிரென்னன் ஜான்சன், கேன் போன சில வாரங்களில் வாங்கப்பட்டவர். "பார்த்தீர்களா, விற்றதே சரி" என்று அவசரப்பட வேண்டாம். அதே பருவத்தில் அக்கழகம் லீக் பட்டியலில் 20 கழகங்களுள் 17-ஆவதாக நின்றது! பலனைக் கொண்டு மட்டும் செயலை நிறுக்கலாகாது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியவன் பத்திரமாய் வீடு சேர்ந்தான் என்பதால் அவன் செய்தது சரியாகிவிடுமா? முடிவெடுத்த அன்று அறிந்தது என்ன, நாடியது என்ன என்பதே நியாயத்தின் தராசு.

கடைசியாக, போனவரைப் பகைப்பதைப் பற்றி. 2000-ல் லூயிஸ் ஃபிகோ பார்சலோனாவை விட்டு, அதன் பரம எதிரியான ரியல் மாட்ரிட்டில் சேர்ந்தார். 2002-ல் அவர் பழைய மைதானத்துக்கு ஆட வந்தபோது கூட்டத்திலிருந்து ஒரு பன்றித் தலை வந்து விழுந்தது. வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்று வருந்தலாம். வருத்தம் மனித சுபாவம். ஆனால் நேற்றுவரை தோளில் சுமந்தவரை இன்று இழிவுசெய்யத் துணிகிற மனம், அவரை ஒருநாளும் நேசிக்கவில்லை. அவர் தேடித்தந்த வெற்றியை மட்டுமே நேசித்தது.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் அடுத்த முறை இதைப் பற்றி வாதிடும்போது அதட்டி அடக்காதீர்கள். அருகே அமர்ந்து அந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். நான்காவதாக இதையும் கேளுங்கள்: போனவர் வேறொரு சட்டையில் கோல் அடிக்கும்போது உன்னால் கைதட்ட முடியுமா? முடியும் என்று சொல்லப் பழகுகிற பிள்ளை, நாளை உயிர்த் தோழன் வேறு ஊர் போனாலும், அக்காள் மணமாகிப் புறப்பட்டாலும் கசப்பில்லாமல் வழியனுப்புவான். ஒருநாள் அந்தப் பிள்ளையையும் நாம் வழியனுப்ப வேண்டியிருக்கும். அதற்கு நாமும் இப்போதே பழகிக்கொள்வோமாக.