எந்த இடத்து நொடி?

2014 ஆகஸ்ட் 22 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பாவின் கலிலியோ வழிகாட்டிச் செயற்கைக்கோள்கள் இரண்டு சோயுஸ் ராக்கெட்டில் கிளம்பின. 23,222 கி.மீ. உயரத்தில் வட்டமாகச் சுற்ற வேண்டியவை. ராக்கெட்டின் மேல்கட்டத்தில் குளிர்ந்த ஹீலியம் குழாயை ஒட்டிப் போன ஹைட்ரசின் குழாய் உறைந்துவிட்டது. இரண்டும் நீள்வட்டப் பாதைக்குப் போய்விட்டன. சொந்த எரிபொருளைச் செலவழித்துப் பாதையை ஓரளவு திருத்திய பிறகும், ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 8,500 கி.மீ. ஏறி இறங்குவது நிற்கவில்லை.

பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். இப்போது சைவ சித்தாந்த வகுப்பு எடுக்கிறேன். முப்பத்தாறு தத்துவங்களில் ‘காலம்’ வரும்போதெல்லாம் இந்தச் செயற்கைக்கோள்களைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை.

இவற்றில் ஹைட்ரஜன் மேசர் என்ற அணுக்கடிகாரம் உண்டு. பூமியை நெருங்கும்போது அது மெதுவாகும், விலகும்போது விரையும். ஐன்ஸ்டைன் கணக்குப்படி அப்படித்தான் ஆக வேண்டும். தரையிலிருந்து லேசர் பாய்ச்சித் தூரம் அளந்து, ஆயிரம் நாளுக்கு மேற்பட்ட தரவை அலசி, பிரெஞ்சு, ஜெர்மன் குழுக்கள் 2018-இல் முடிவை வெளியிட்டன. 1976-இல் ராக்கெட்டில் கடிகாரம் அனுப்பிச் செய்த சோதனையைவிட ஐந்து மடங்கு துல்லியம், கணக்கு பிசகவில்லை.

“அப்போ எது சார் உண்மையான நேரம்?” என்று வகுப்பில் ஓர் அம்மா கேட்டார். “ரெண்டும்தாம்மா” என்றேன். கடிகாரத்தில் பழுதில்லை. அந்தந்த இடத்தில் கழிந்த காலமே அவ்வளவுதான்.

எதையும் சாராமல் எங்கும் சீராக ஓடுவது காலம் என்றார் நியூட்டன். சித்தாந்தமோ அதை மாயையின் காரியம், சடம் என்கிறது. உலகம் வந்து உட்காருவதற்காக முன்கூட்டியே விரித்த பாய் அல்ல அது. உடனே ‘ஆகமம் அன்றே சொல்லிவிட்டது’ என்று கிளம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நம் ஆசிரியர்கள் பேசியது கடிகாரத்தைப் பற்றி அல்ல. உயிரைக் கட்டியிருப்பது எது என்பதைப் பற்றி. அவர்களுக்கு அறிவியலின் சான்றிதழ் வேண்டியதில்லை.

ஆனால் நம் பேச்சில் ஒன்று மாற வேண்டும். ‘இந்த நொடியில் இறைவன் எல்லா உலகையும் பார்க்கிறான்’ என்கிறோம். எந்த இடத்து நொடி? எல்லா உலகுக்கும் பொதுவான நொடி என்று ஒன்று இல்லாதபோது, நம் நொடியை அவன்மேல் ஏற்றி, அவனையும் காலத்துக்குள் அடைத்துவிடுகிறோம். வகுப்பெடுக்கும் அன்பர்கள் இந்த வாக்கியத்தைக் கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.