காய்த்ததைக் கூடி உண்போம்



அக்கினி வெயில் ஓய்ந்து தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டது. மாசியில் ஊன்றிய கத்தரியும் வெண்டையும் கடைசிப் பறிப்புக்கு வந்திருக்கின்றன. கிணறு தரைதட்டிய சித்திரையிலும் பாத்திரம் அலசிய தண்ணீரையும் அரிசி களைந்த கழுநீரையும் வாளியில் சுமந்துபோய்ச் செடிக்கு ஊற்றியவர்கள் உங்களில் பலர், பெரும்பாலும் பெண்கள். அந்த உழைப்பைப் பற்றி ஆலயத்தில் யாரும் பேசுவதில்லை. இன்று பேச வேண்டும்.

மாற்கு நற்செய்தி 4ஆம் அதிகாரத்தில் ஒருவர் விதைத்துவிட்டு உறங்கப் போகிறார். விதை தானாக வளர்கிறது. எப்படி என்பது அவருக்கே தெரியாது. அந்த உறக்கத்தை இயேசு குறை சொல்லவில்லை. நேற்று மாலை பந்தலுக்குக் கீழே நின்ற புடலங்கொடி விடிவதற்குள் கம்பைப் பற்றியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த உவமை எளிதில் விளங்கும். தண்ணீர் ஊற்றியது நாம், வளர்த்தவர் இறைவன்.

அப்படி வந்த காயை என்ன செய்வது? முதல் பூசணியைப் பீடத்தின்முன் வைத்து, திருப்பலிக்குப் பின் ஏலம் விடும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. நல்ல வழக்கம்தான். ஆனால் இணைச்சட்டம் 26ஆம் அதிகாரம் அதோடு நின்றுவிடவில்லை. முதற்பலன் நிறைந்த கூடையைக் குரு வாங்கிப் பீடத்தின்முன் வைக்கிறார்; எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்த முன்னோரின் கதையை மக்கள் அறிக்கையிடுகிறார்கள். அடுத்து வருவது மகிழ்ந்திருக்கச் சொல்லும் கட்டளை! குடும்பமும் லேவியரும் அந்நியரும் சேர்ந்து மகிழ வேண்டுமாம். கொடுப்பது கடமை என்று நமக்குத் தெரியும். உண்டு மகிழ்வதும் இறைவன் நம்மிடம் கேட்பதுதான் என்பதை ஏனோ அவ்வளவாக நினைப்பதில்லை.

ஆகவே, கடையில் இதைவிட மலிவாகக் கிடைக்குமே என்று கணக்குப் பார்க்காதீர்கள். வெண்டை இரண்டு நாள் விட்டால் முற்றிவிடும். இன்றே பறித்து இன்றே சமையுங்கள். உண்பதற்கு முன்னும் பின்னும் நன்றி சொல்லும் வழக்கத்தை மீட்டெடுக்கும்படி திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலில் கேட்டுக்கொண்டார். உணவைத் தந்த உழைப்பாளிகளையும், தேவையில் இருப்பவர்களையும் அந்த நன்றியில் நினைக்கச் சொன்னார். பிள்ளைகள் கைபேசியை ஓரம் வைத்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றிய பாட்டியின் பெயரையும் சொல்லி மன்றாடட்டும்.

இனி அந்நியர். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்த பிள்ளைகள் நம் திருப்பலிக்கும் வருகிறார்கள். பின்வரிசையில் நின்றுவிட்டு, முடிந்ததும் போய்விடுகிறார்கள். அவர்களிடம் ஒரு பை கத்தரிக்காயைக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். அவர்கள் தங்கியிருக்கும் கொட்டகையில் சமைக்க வசதி இருக்கிறதோ, என்னவோ. வரும் ஞாயிறு அவர்களை வீட்டுக்கு அழையுங்கள், இலை போடுங்கள். விருப்பமிருந்தால் அவர்களே உங்கள் அடுப்பில் தங்கள் ஊர்ப் பக்குவத்தில் ஒரு பொரியல் செய்யட்டும். உங்கள் பிள்ளைகளும் அதை ருசி பார்க்கட்டும்.