மலைக்கு என்ன வாடகை?

நெல்லுக்கும் துணிக்கும் சந்தையில் விலை உண்டு. விற்கவே கூடாத ஒன்றை, மக்கள் அனைவருக்கும் உரிய ஒரு மலையை, தனியார் பயன்படுத்திப் பொருளீட்டும்போது நீதியான கட்டணத்தை எவ்வாறு கணிப்பது?

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்கு மலைகளில் இக்கேள்வி நடைமுறையானது. அங்குள்ள பனிச்சறுக்கு உல்லாசத் தலங்கள் பல, தேசியக் காடுகளின் சரிவுகளில் இயங்குகின்றன. மலை மக்களுடையது, ஆட்களை மேலேற்றும் கம்பிவட ஊர்திகள் தனியாருடையவை. 1986ஆம் ஆண்டுச் சட்டம் 40 ஆண்டுகள் வரை அனுமதி வழங்க இடமளித்தது. 1996ஆம் ஆண்டுச் சட்டமோ கட்டணத்தை வருவாயின் பங்காக்கியது: முதல் 30 இலட்சம் டாலருக்கு 1.5 விழுக்காடு, வருவாய் ஏற ஏறப் பங்கும் ஏறி, 5 கோடிக்கு மேற்பட்ட தொகைக்கு 4 விழுக்காடு. இவ்வரம்புகள் விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் திருத்தப்படுகின்றன.

நம் உழவர் மொழியில் கூறின், இது குத்தகையன்று, வாரம். பனி பொய்த்த ஆண்டில் கட்டணமும் குறையும். இதில் இரக்கம் உண்டு. நீதி உண்டா?

புனித தோமா அக்குவினாஸ் தம் பெருநூலில் நீதியான விலையைப் பற்றி ஆராய்கிறார். ('சும்மா' என்னும் அந்நூற்பெயரைக் கேட்டுக் குருமடத்தில் நாம் நகைத்ததுண்டு.) வாங்குபவர் பேராதாயம் பெறுகிறார் என்பதற்காக மட்டும் விற்பவர் விலையை உயர்த்தலாகாது என்கிறார் அவர். தலம் நடத்துவோர் இதைப் பற்றிக்கொண்டு வாதிடலாம்: "வெறுமனே கிடந்த மலையில் வழி கண்டவர்கள் நாங்கள், எங்கள் உழைப்பின் ஆதாயத்தில் அரசுக்கு ஏது பங்கு?" எளிதில் தள்ளத்தக்க வாதமன்று இது. ஆயினும் விற்பவருக்கு இழப்பு நேருமாயின் அதற்கும் சேர்த்து விலை கேட்கலாம் என்பதும் அப்புனிதரின் போதனையே. மரங்களை வெட்டி வழியமைத்த சரிவு மீண்டும் எளிதில் காடாவதில்லை. அனுமதிக் காலமோ ஏறக்குறைய ஒரு தலைமுறை. இவ்விழப்பு பனி பெய்த ஆண்டிலும் பெய்யாத ஆண்டிலும் ஒன்றே. ஆகவே வாரம் மட்டும் போதாது. எந்த ஆண்டிலும் குறையாத ஓர் அடிப்படைத் தொகையும் வேண்டும் என்பது நம் கருத்து.

நம்மை உறுத்துவது வேறொன்று. கொலராடோ மாநிலத்தில் 1962இல் திறக்கப்பட்ட வெய்ல் என்னும் தலத்தின் சரிவுகள் தேசியக் காட்டில் உள்ளன. அடிவாரத்து ஓட்டல்களோ தனியார் நிலத்தில். காட்டெல்லைக்கு வெளியே ஈட்டும் அறை வாடகை கட்டணக் கணக்கில் சேராது. ஆனால் விருந்தினர் அந்த அறைக்கு அவ்வளவு தருவது, சாளரத்தைத் திறந்தால் மக்களின் மலை எதிரே நிற்பதால்தான்.