கவ்வாத்துக் கத்தி

நானுஓயா மலைகளில் ஒரு தேயிலைச் செடிக்கு நாலைந்து வருசத்துக்கு ஒருமுறைதான் கவ்வாத்து. அன்று கத்தி மழுங்கியிருந்தால் வாது வெட்டுப்படாது, பிளக்கும். பிளவில் மழைத்தண்ணீர் தங்கி, பூஞ்சணம் பிடித்து, உளுத்தல் மெல்ல அடிமரத்துக்கு இறங்கும். கூரான கத்தி ஒரே வீச்சில், சாய்வாக, வழவழவென்று வெட்டும். அந்தக் காயத்தைச் சுற்றிப் புதுப்பட்டை வளர்ந்து மூடும்.

அதனால்தான் நல்ல கவ்வாத்துக்காரர் கத்தி மழுங்கும்வரை காத்திருப்பதில்லை. சில செடிகள் முடிந்ததும் கல்லை நனைக்கிறார். இரண்டு பக்கமும் நாலு இழுப்பு. பெருவிரலைக் குறுக்கே வைத்துக் கூர் பார்த்துவிட்டு மறுபடி நிரைக்குள் குனிகிறார். எவ்வளவு பொறுப்பான கை அது! ஒரு பேருக்கு இத்தனை செடி என்று கணக்குப் போடும் தோட்ட நிர்வாகங்கள், கத்தி தீட்டும் நேரத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.